பல்கலைக்கழகம் பொருள் வாங்கும் முறை

பிழைப்பு நாடி வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் குடியமர்ந்துள்ள நம் மக்களிடையே இருவகைப் பேச்சுகளை நாம் அடிக்கடி கேட்பதுண்டு. ஒன்று, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்திருக்கும் பெற்றோர் பேசுவது. "விடுதி அறையில் மின்விசிறி பழுதாகி மூன்று மாதம் ஆகிறது. கேட்டால் டெண்டர் போட்டிருக்கிறோம் என்கிறார்கள். ஒரு விசிறி வாங்க இத்தனை நாளா?" என்பது அவர்கள் குறை. மற்றொன்று, சிறு பட்டறையோ கடையோ வைத்து நடத்துவோர் பேசுவது. "டெண்டர் என்பதெல்லாம் வெறும் சடங்கு. யாருக்கு என்பது முன்பே முடிவாகியிருக்கும். இந்த ஊரில் நமக்கு யாரைத் தெரியும்?" என்பது அவர்கள் மனத்தாங்கல்.

இவ்விரு பேச்சுகளிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும், அவற்றைப் பேசுவோரில் பெரும்பாலோர் அந்த விதிகளைப் படித்துப் பார்த்தவர் அல்லர். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் ஆண்டுக்கணக்கில் இத்தகைய விதிகளோடும் ஆணைகளோடும் உழன்று வந்த நமக்கு, அவற்றைப் பற்றி ஒன்று தெளிவாகியிருக்கிறது. கொள்முதல் விதிகள் பெரும்பாலும் எதிரே இல்லாதவரை எண்ணி எழுதப்பட்டவை. அலுவலர் அறைக்குள் நுழைந்து பேசத் தெரியாத வணிகர், வரி செலுத்திய பொதுமக்கள், அடுத்த ஆண்டு வந்து அந்த நாற்காலியில் அமரப் போகும் மாணவர் ஆகியோரே அவர்கள். அறிமுகம் இல்லாத ஊரில் வாழும் நமக்கு அவ்விதிகளை அறிந்துகொள்வதால் நன்மை உண்டு.

யாருடைய பணம்?

பல்கலைக்கழகம் அரசுத் துறையும் அன்று, தனியார் நிறுவனமும் அன்று. அது சட்டத்தால் ஆக்கப்பட்ட தனி அமைப்பு. காசி இந்துப் பல்கலைக்கழகம் 1915ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், தில்லிப் பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், ஐதராபாத் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அமைந்தவை. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட வேறு பல, 2009ஆம் ஆண்டு மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் தோன்றியவை.

மத்திய அரசுத் துறை ஓர் ஒப்பந்தம் செய்தால், அரசியலமைப்பின் 299ஆம் பிரிவின்படி அது குடியரசுத் தலைவரின் பெயரால் செய்யப்படும். பல்கலைக்கழகமோ தன் சொந்தப் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யலாம், வழக்குத் தொடுக்கலாம், அதன் மேலும் வழக்குத் தொடுக்கலாம். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பல்கலைக்கழகங்களில் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் ஆட்சிக்குழுவிடம் உள்ளது. ஆண்டுச் செலவின் வரம்பை நிதிக்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறாத செலவை அக்குழு முன்னதாக ஆராய வேண்டும். ஆகவே, துணைவேந்தரே விரும்பினாலும், பையில் இருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட முடியாது.

பணத்தின் பெரும்பகுதி மத்திய அரசிடமிருந்து வருவதால், வாங்கும் முறையும் அங்கிருந்தே வருகிறது. மத்திய நிதியமைச்சகம் வெளியிடும் பொது நிதி விதிகள் முதன்முதலாக 1947ஆம் ஆண்டு தொகுக்கப்பட்டன. 1963, 2005, 2017 ஆகிய ஆண்டுகளில் அவை திருத்தி வெளியிடப்பட்டன. தன்னாட்சி அமைப்பு ஒன்று அரசின் ஒப்புதலுடன் தனக்கெனத் தனி நிதி விதிகளை வகுத்துக் கொண்டிருந்தாலன்றி, இப்பொது விதிகளே அதற்கும் பொருந்தும் என்று 2017ஆம் ஆண்டுப் பதிப்பின் தொடக்கத்திலேயே கூறப்பட்டுள்ளது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. அவை தத்தம் மாநிலச் சட்டத்தையும் விதிகளையும் பின்பற்றுகின்றன. தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான சட்டம் 1998ஆம் ஆண்டிலும், கருநாடகத்தில் அதையொத்த சட்டம் 1999ஆம் ஆண்டிலும், இராசத்தானத்தில் 2012ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. எந்த மாநிலத்தில் இருக்கிறோமோ அந்த மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் மத்தியப் பல்கலைக்கழகங்களைப் பற்றியே பேசுகிறோம்.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. பிறர் பொருளைச் செலவிடும்போது கை தாராளமாகிவிடும் என்பது அதன் கருத்து. பொது நிதி விதிகள் இந்தக் கையைத்தான் பிடித்து நிறுத்துகின்றன. சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பணத்தைச் செலவழிக்கும்போது எவ்வளவு விழிப்பாக இருப்பாரோ, அவ்வளவு விழிப்பு பொதுப்பணத்தைச் செலவழிப்போருக்கும் வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை நெறி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சொந்தப் பணத்தைக் கொண்டு நாம் மைத்துனர் கடையிலேயே எல்லாவற்றையும் வாங்கலாம்; யாரும் கேட்க மாட்டார்கள். பொதுப்பணத்தில் அது கூடாது. சிக்கனம் மட்டும் போதாது. விற்க முன்வருவோர் அனைவரையும் நேர்மையாகவும் சமமாகவும் நடத்த வேண்டும் என்றும், போட்டிக்கு இடமளிக்க வேண்டும் என்றும் விதிகள் வற்புறுத்துகின்றன.

தேவையிலிருந்து தொடக்கம்

கொள்முதல் என்றதும் பலருக்கு விலைதான் நினைவுக்கு வரும். உண்மையில் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு வேதியியல் துறைக்கு 60 ஆய்வக மேசைகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். முதலில் துறைத்தலைவர் தேவைக் கடிதம் எழுத வேண்டும். 60 ஏன், 40 போதாதா என்ற கேள்விக்கு அதில் விடை இருக்க வேண்டும். தேவைக்கு மேல் வாங்கிக் குவித்து, கிடங்கில் துருப்பிடிக்க விடலாகாது. அடுத்து, மேசையின் நீளம், அகலம், உயரம், அமிலம் பட்டால் தாங்கும் தன்மை முதலியவற்றை விவரக் குறிப்பாக எழுத வேண்டும். பின்னர் மதிப்பீடு, அதன்பின் உரிய அதிகாரியின் ஒப்புதல். இவ்வளவும் ஆன பிறகே விலை கேட்கும் கட்டம் வருகிறது.

இவற்றுள் விவரக் குறிப்பு எழுதுவதே மிக நுட்பமான இடம். "அமிலம் தாங்கும் மேற்பலகை வேண்டும்" என்று எழுதினால் பத்துப் பேர் போட்டிக்கு வரலாம். ஒரே ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தாளைப் பார்த்து, அதில் உள்ள அளவுகளையும் திருகாணியின் வகையையும் கூட அப்படியே எழுதிவிட்டால், அறிவிப்பு நாடு முழுதும் வெளிவந்தாலும் போட்டி ஒருவரோடு முடிந்துவிடும். "முன்பே முடிவாகியிருக்கும்" என்ற மனத்தாங்கலுக்குக் காரணம் இருக்குமானால், அது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கும். ஆகவேதான், தேவையற்ற சிறப்பு அம்சங்களைச் சேர்க்காமல், பயன்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் பொதுவாகவும் தெளிவாகவும் எழுத வேண்டும் என்று விதி கூறுகிறது.

தொகைக்கு ஏற்ற படிகள்

எல்லாப் பொருளுக்கும் ஒரே முறை கிடையாது. சிறு தொகைக்கு எளிய முறை, பெருந்தொகைக்கு விரிவான முறை எனப் படிப்படியாக விதிகள் அமைந்துள்ளன. 2017ஆம் ஆண்டுப் பதிப்பு வெளிவந்தபோது இருந்த எல்லைகளைப் பார்ப்போம். 25,000 ரூபாய் வரை விலைப்புள்ளி எதுவும் கேட்காமலே வாங்கலாம். தரமும் விலையும் பொருத்தமானவை, விற்பவர் நம்பத் தகுந்தவர் என்று வாங்கும் அதிகாரி தம் பொறுப்பில் சான்று எழுதிக் கையொப்பமிட்டால் போதும். அதற்கு மேல் 2,50,000 ரூபாய் வரை, மூவர் கொண்ட கொள்முதல் குழு கடைவீதிக்குச் சென்று விலையையும் தரத்தையும் விசாரித்து, மூவரும் சேர்ந்து சான்று தரவேண்டும். 25 இலட்சம் ரூபாய் வரை, தெரிந்தெடுத்த நிறுவனங்களுக்கு மட்டும் எழுதி ஒப்பந்தப்புள்ளி கேட்கலாம். அவை மூன்றுக்கு மேற்பட்டிருக்க வேண்டும். அதற்கும் மேற்பட்டால் யாவரும் காண விளம்பரம் செய்தாக வேண்டும். பின்னர் வந்த ஆணைகள் இவ்வெல்லைகளை உயர்த்தியுள்ளன. ஆதலால், எந்தக் கொள்முதலுக்கும் அதன் நாளில் நடப்பிலுள்ள எல்லை எது என்று பார்ப்பது நல்லது. படிகளின் அமைப்பு மட்டும் மாறவில்லை.

இதிலிருந்து முன்னே சொன்ன பெற்றோருக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. ஒரு மின்விசிறி மாற்றுவதற்கு டெண்டர் தேவையே இல்லை. "விதி இடந்தரவில்லை" என்று யாரேனும் சொன்னால், அது விதியின் குற்றம் அன்று. விதியின் பின்னே ஒளிந்துகொள்ளும் சோம்பலின் குற்றம். ஆனால், விடுதி முழுவதற்கும் 400 விசிறிகள் வாங்குவதென்றால் நிலைமை வேறு. அதைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றும் சிறு தொகை என்று கணக்குக் காட்டி வாங்குவது கூடாது. மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டு போடக்கூடாது என்பது தனி விதியாகவே உள்ளது.

2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு மின்சந்தை என்னும் இணையதளம் இப்படிகளை ஓரளவு மாற்றியமைத்துவிட்டது. அங்கே கிடைக்கும் பொருளையும் பணியையும் அங்கேயே பெறவேண்டும் என்பது பொது விதி. தொகை சிறிதாயின் நேரே வாங்கலாம். சற்றுப் பெரிதாயின் குறைந்தது மூன்று தயாரிப்பாளரின் பொருள்களை ஒப்பிட்டு வாங்க வேண்டும். மேலும் பெரிதாயின் விலைக்கோரல் வழியே வாங்க வேண்டும். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் தம் பொருளை அதில் பதிவு செய்யலாம். அங்கு கிடைக்காதவற்றுக்கான ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் மத்தியப் பொதுக் கொள்முதல் இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன. செய்தித்தாளின் மூலையில் பொடி எழுத்தில் தேட வேண்டியிருந்த காலத்தை நினைத்தால், இது வெளியூர்க்காரருக்கு வாய்த்த பெரிய வசதி.

நான்கு நிமிடக் கதை

விளம்பரம் செய்து கேட்கும் ஒப்பந்தப்புள்ளியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அறிவிப்பு வெளியான நாளிலிருந்து பொதுவாக மூன்று வாரமாவது அவகாசம் தரவேண்டும். வெளிநாட்டாரும் கலந்துகொள்ளக் கூடியதாயின் நான்கு வாரம். இன்று அறிவித்து நாளை மறுநாள் முடித்துவிட்டால், முன்கூட்டியே செய்தி தெரிந்தவர் மட்டுமே தயாராக இருப்பார் அல்லவா? முன்வைப்புத் தொகையாக மதிப்பீட்டில் 2 முதல் 5 விழுக்காடு வரை கேட்கப்படுகிறது. விளையாட்டாக விலை சொல்லிவிட்டுப் பின்வாங்குவோரைத் தடுப்பதற்காக அது வைக்கப்பட்டது. சிக்கலான பொருளாயின் தொழில்நுட்ப விவரம் ஓர் உறையிலும் விலை மற்றோர் உறையிலும் இருக்கும். தகுதியை ஆராய்வோர் விலையைப் பார்த்து மயங்கிவிடாதிருக்கவே, விலையுறை பின்னர் திறக்கப்படுகிறது. குறித்த நேரத்துக்குப் பிந்தி வந்த ஒப்பந்தப்புள்ளி எவ்வளவு நல்லதாயினும் ஏற்கப்படாது.

இந்தக் கடைசி விதியைப் பற்றி நமக்கு நெருங்கிய நண்பர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். தில்லிக்கு வெளியே இரும்பு மேசைகளும் அலமாரிகளும் செய்யும் சிறு பட்டறை நடத்துகிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தின் நூலக மேசைகளுக்கு விலை கோர முனைந்தார். முடிவு நேரம் பிற்பகல் 3 மணி. பத்திரங்களை எல்லாம் சேர்த்து இணையதளத்தில் ஏற்ற உட்கார்ந்தவர், ஒரு சான்றிதழைத் தேடி நேரத்தை விட்டுவிட்டார். 3 மணி 4 நிமிடத்துக்குப் பார்த்தால் வழி அடைபட்டிருந்தது. அன்று மாலை நம் வீட்டுக்கு வந்து, "நாலு நிமிசந்தானே அண்ணாச்சி! நம்ம ஆளு ஒருத்தர் அங்க இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாங்களா?" என்று மனம் நொந்து பேசினார்.

நாம் அவரிடம் கேட்டது ஒன்றே. "உமக்கு நான்கு நிமிடம் நீட்டித் தரலாம் என்றால், அங்கே ஆள் இருக்கிற இன்னொருவருக்கு நான்கு நாள் நீட்டித் தரலாமே! அப்போது உம் விலையைத் தெரிந்துகொண்டு அவர் தம் விலையை எழுதுவாரே, அதற்கு என்ன செய்வீர்?" அவர் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். ஆனால் அடுத்த முறை முடிவு நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டார்.

பேரம் பற்றியும் இதையே சொல்லலாம். விலைகளைத் திறந்த பிறகு ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசினால் இன்னும் குறையுமே என்று இல்லறம் நடத்துவோர் நினைப்பது இயல்பு. விதிகள் அதை வன்மையாகத் தடுக்கின்றன. தவிர்க்க முடியாத நிலையில், ஏற்கத்தக்க குறைந்த விலை சொன்னவரிடம் மட்டுமே பேசலாம். பின்னால் பேரம் உண்டு என்று தெரிந்தால் எல்லாரும் முதலில் விலையை ஏற்றியே சொல்வார்கள். மூடிய கதவுக்குள் நடக்கும் பேச்சில் அறிமுகமானவர் கையே ஓங்கும்.

வராதவருக்கும் நியாயம்

எதிரே இல்லாதவரை எண்ணி எழுதப்பட்ட விதிகள் என்று தொடக்கத்தில் சொன்னோம். அதை நன்கு விளக்கும் வழக்கு ஒன்று உண்டு. அது பல்கலைக்கழகத்தைப் பற்றியது அன்று. ஆயினும் பொது அமைப்புகள் யாவற்றுக்கும் பொருந்துவது. 1977ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவுச்சாலையும் இரண்டு சிற்றுண்டி நிலையங்களும் நடத்தப் பன்னாட்டு விமான நிலைய ஆணையம் ஒப்பந்தப்புள்ளி கேட்டது. பதிவு பெற்ற இரண்டாந்தர உணவகத் தொழிலராய், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் உடையவராய் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அத்தகுதி இல்லாத, மிகுந்த தொகை தர முன்வந்த ஒருவருக்கே உரிமம் வழங்கப்பட்டது.

இது ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிமன்றம், பொது அமைப்பு தான் விதித்த தகுதியைத் தானே மீறலாகாது என்று கூறியது. அந்தத் தகுதி இல்லாமையால் விண்ணப்பிக்காமல் விலகி நின்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். நிபந்தனை தளர்த்தப்படும் என்று தெரிந்திருந்தால் அவர்களும் வந்திருப்பார்களே! அவர்களுக்குச் சம வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எனினும், வழக்குத் தொடுத்தவர் ஐந்து மாதத்துக்கு மேல் காலம் தாழ்த்தி வந்ததாலும், அதற்குள் உரிமம் பெற்றவர் பெரும் பொருள் செலவிட்டிருந்ததாலும், அந்த உரிமம் நீக்கப்படவில்லை. உரிமை இருந்தும் காலத்தில் கேட்காவிடில் பயனில்லை என்பது அதன் இரண்டாவது பாடம். 1994ஆம் ஆண்டு டாட்டா செல்லுலார் வழக்கில், நீதிமன்றம் முடிவெடுத்த முறையைத்தான் ஆராயும், முடிவின் தகுதியைத் தானே எடைபோடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே குறை சொல்பவர், "என் பொருளே சிறந்தது" என்று வாதிடுவதைவிட, "எந்தக் கட்டத்தில் எந்த விதி மீறப்பட்டது" என்று காட்டுவதே பயன் தரும்.

ஒப்பந்தத்துக்குப் பின்

ஆணை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணலாகாது. ஒப்பந்தத்தின் சொற்கள் ஐயத்துக்கு இடமின்றித் திட்டவட்டமாக இருக்க வேண்டும். பொருள் வந்து சேரும் நாள், தாமதமானால் பிடித்தம், பழுதானால் மாற்றித் தரும் காலம் ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். பொருள் வந்ததும் எண்ணி, அளந்து, கண்ணால் பார்த்துச் சோதித்து, இருப்புப் பதிவேட்டில் பதிய வேண்டும். 60 மேசைக்கு ஆணையிட்டு 58 வந்திருந்தால், 58 என்றுதான் எழுத வேண்டும். இந்தப் பதிவேடு ஒழுங்காக இல்லையென்றால் முன்னே செய்த சடங்குகள் அனைத்தும் வீண்.

விற்பவருக்கு வரவேண்டிய பணத்தைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006ஆம் ஆண்டில் வந்தது. குறுந்தொழிலும் சிறுதொழிலும் செய்து கொடுத்த பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, எவ்வித உடன்பாடு இருந்தாலும் 45 நாளுக்கு மேற்படாமல் பணம் தந்தாக வேண்டும் என்று அது கூறுகிறது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். இதற்கான முறையீட்டைக் கேட்க மாநிலந்தோறும் வசதி மன்றங்கள் உள்ளன. நம் நண்பருக்கு வேறொரு கல்வி நிலையத்திலிருந்து வரவேண்டிய தொகை ஆறு மாதம் நின்றுபோயிற்று. பட்டறை ஆட்களுக்குக் கூலி கொடுக்க மனைவியின் வளையல்களை அடகு வைத்த நாள்கள் அவை. இச்சட்டத்தைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுத நாம் துணை நின்றோம். மூன்று வாரத்தில் அசல் வந்தது. வட்டியை அவர் கேட்கவில்லை. "நாளைக்கும் அங்கதானே அண்ணாச்சி போகணும்" என்றார். சட்டம் தரும் உரிமைக்கும் சிறு வணிகரின் நிலைமைக்கும் இடையே உள்ள தூரம் அந்தச் சொல்லில் தெரிந்தது.

விதிகளின் குறைகள்

விதிகளைப் புகழ்ந்து மட்டும் பேசினால் நேர்மையாகாது. தகுதியுடையோருள் குறைந்த விலை சொன்னவருக்கே ஆணை என்பது பொதுவான நடைமுறை. மேசைக்கு அது பொருந்தும். விடுதி உணவுக்குப் பொருந்துமா? மிகக் குறைந்த விலைக்கு எடுத்தவர் பருப்பிலும் எண்ணெயிலும் ஈடுகட்டுவதை மாணவர்கள் நாவால் அறிவார்கள். 2021ஆம் ஆண்டு நிதியமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள், தரம் முதன்மையானது என்று உரிய அதிகாரி அறிவித்த பணிகளில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் தர இடமளித்தன. ஆனால் விலையல்லாத அம்சங்களின் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது.

ஆராய்ச்சிக் கருவிகளில் இடர்ப்பாடு இன்னும் பெரிது. உலகில் ஒரே நிறுவனம் செய்யும் கருவிக்கு மூன்று விலைப்புள்ளி கேட்பது எங்ஙனம்? அத்தகைய நிலையில் ஒருவரிடமே வாங்க விதி இடந்தருகிறது. வேறு எவரும் செய்யவில்லை என்று காரணத்துடன் சான்று எழுத வேண்டும். எனினும் நுண்கருவிகளும் வேதிப்பொருள்களும் காலத்தில் கிடைப்பதில்லை என்று விஞ்ஞானிகள் நெடுநாள் முறையிட்டு வந்தனர். அதையொட்டி 2025ஆம் ஆண்டு சூன் மாதம் விதிகள் தளர்த்தப்பட்டன. ஆராய்ச்சி நிலையங்களில் விலைப்புள்ளியின்றி வாங்கும் எல்லை 1 இலட்சத்திலிருந்து 2 இலட்சம் ரூபாய் ஆயிற்று. குழுவின் வழியே வாங்கும் எல்லை 10 இலட்சத்திலிருந்து 25 இலட்சம் ஆயிற்று. 200 கோடி ரூபாய் வரை உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர ஒப்புதல் தரும் அதிகாரம் துணைவேந்தர்களுக்கும் இயக்குநர்களுக்கும் வழங்கப்பட்டது.

மார்ச்சு மாத அவசரம் மற்றொரு நோய். ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துவிட வேண்டும் என்று, தேவையில்லாததை வாங்கிக் குவிப்பதுண்டு. நிதியாண்டின் கடைசி மாதங்களில் அவ்வாறு பாய்ந்து செலவழிப்பது நிதி ஒழுக்கத்தை மீறுவதாகும் என்று விதியே கூறுகிறது. கூறியும் நோய் தீரவில்லை. தொகையை எல்லைக்குள் அடக்கிக் காட்டுவதும், விவரக் குறிப்பை ஒருவருக்கேற்ப வளைப்பதும் அவ்வாறே. காகிதங்கள் யாவும் செவ்வையாக இருக்கும். காரியம் மட்டும் கோணலாக இருக்கும்.

கேட்க வேண்டியவர் யார்?

இக்கோணலைக் காண்பதற்கே தணிக்கை இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் கணக்குகளை இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவர் தணிக்கை செய்கிறார். தணிக்கையுற்ற கணக்குகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகின்றன. ஆனால் தணிக்கை, நடந்து முடிந்த பிறகு வருவது. நடக்கும்போதே கேட்கக்கூடியவர், விலை கோரியவரும் பொதுமக்களுமே. ஆகவே, நம்மவருக்குப் பயன்படும் சில செய்திகளைக் கூறி முடிப்போம்.

சொந்தமாகப் பொருள் செய்யும் சிறு தொழிலர், உத்யம் பதிவு பெற்றிருந்தால் முன்வைப்புத் தொகை செலுத்துவதிலிருந்து விலக்குப் பெறலாம். வாங்கி விற்கும் வணிகருக்கு இவ்விலக்கு இல்லை. அறிவிப்பைப் படித்ததும், எந்த நிபந்தனையேனும் ஒருவருக்கென்றே அமைந்ததாகத் தோன்றினால், முடிவு நாளுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். நிபந்தனைகளைப் பற்றியும், நடைமுறையைப் பற்றியும், தம் புள்ளி தள்ளப்பட்டதைப் பற்றியும் கேள்வி கேட்க விலை கோரியவருக்கு உரிமை உண்டு. ஆணை யாருக்குக் கிடைத்தது என்பதை வெளியிடுவது அமைப்பின் கடமை. பெற்றோரும் மாணவரும் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேட்டால், பொதுவாக 30 நாளுக்குள் விடை தரப்பட வேண்டும். "விசிறி ஏன் வரவில்லை?" என்று கேட்பதைவிட, தேவைக் கடிதம் எந்த நாளில் எழுதப்பட்டது, ஒப்புதல் எந்த நாளில் கிடைத்தது, ஆணை எந்த நாளில் போயிற்று என்று மூன்று தேதிகளைக் கேட்பது மேல். கோப்பு எந்த மேசையில் உறங்கிற்று என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நம் நண்பர் இப்போதும் விலை கோரி வருகிறார். வெல்வதைவிடத் தோற்பதே அதிகம். ஆனால் தோற்கும்போது, வென்றவர் யார், தம் விலைக்கும் அவர் விலைக்கும் வேறுபாடு எவ்வளவு என்பதை அவர் பார்த்துவிடுகிறார். "இரும்புத் தகட்டை வாங்குற இடத்துலதான் நமக்கு அடி" என்று சென்ற மாதம் சொன்னார். இந்த ஊரில் நமக்கு யாரைத் தெரியும் என்ற பேச்சை அவர் வாயிலிருந்து கேட்டு நாளாகிறது.